ஒளிச் சிப்: எந்தப் பொருள் எதற்கு? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் ஒளியியல் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். மாணவர்கள், பேட்டை, மேலப்பாளையம் பக்கத்துக் கேபிள் ஆபரேட்டர்கள், கங்கைகொண்டானில் வேலைக்குச் சேர்ந்த பழைய மாணவர்கள் என்று பலரும் கேட்டவை இவை. பாதிக் கேள்விகள் சுற்றிச் சுற்றி "கடைசியில் எது ஜெயிக்கும்?" என்பதில்தான் வந்து நிற்கும். எந்தப் பொருள் என்று பார்ப்பதற்கு முன்னால் லேசர் எங்கே உட்காருகிறது, பைபர் எப்படி ஒட்டுகிறது என்று பாருங்கள் என்பது என் கட்சி. அந்தக் கண்ணோட்டத்தில்தான் எல்லாப் பதிலும் இருக்கும்.

ஒளிச் சிப் என்றால் என்ன சார்? ஒரு தடவை ஒழுங்காகச் சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்கு வரும் பைபரின் மறுமுனை, ஆபரேட்டரின் அறையில் இருக்கும் ஓ.எல்.டி. பெட்டியில் (எல்லா வீட்டு இணைப்பும் வந்து சேரும் பெட்டி) ஒரு எஸ்.எப்.பி. மாட்யூலில் (மின் சிக்னலை ஒளியாகவும் ஒளியை மின் சிக்னலாகவும் மாற்றும் செருகு துண்டு) போய் முடியும். வீணாய்ப்போன மாட்யூல் ஒன்றைப் பிரித்து மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பாருங்கள். நீலச் செருகுவாய்க்குப் பின்னால் தங்க முலாம் பூசிய சின்ன உலோகக் குப்பி இருக்கும். அதன் மூடியில் ஒரு கண்ணாடி உருண்டை, அதுதான் லென்ஸ். மூடியை அறுத்தெடுத்தால் உள்ளே ஒரு குட்டி மேடை, அதன்மேல் கால் மில்லிமீட்டர் அளவில் லேசர், அதற்குப் போகும் தங்கக் கம்பி. வீட்டுக்குப் போகும் 1490 நானோமீட்டர் ஒளி அங்கிருந்துதான் புறப்படுகிறது. பக்கவாட்டில் இன்னொரு குப்பி, வீட்டிலிருந்து வரும் 1310 நானோமீட்டரை வாங்கிக்கொள்ள. இரண்டுக்கும் நடுவில் இரு நிறங்களையும் பிரித்துவிடும் சாய்வான கண்ணாடித் துண்டு.

இத்தனையும் தனித்தனியாகச் செய்து, ஒன்றோடொன்று நேர்பார்த்து ஒட்டியவை. லேசர், பிரிப்பான், ஒளியை மின்சாரமாக மாற்றும் டிடெக்டர், கூடவே ஒளியைத் துடிக்க வைக்கும் மாடுலேட்டர், இவற்றை இணைக்கும் ஒளிப்பாதைகள் எல்லாவற்றையும் ஒரே சில்லில் செதுக்கிவிட்டால் அது ஒளிச் சிப். 1969-லேயே பெல் ஆய்வகத்தின் ஸ்டூவர்ட் மில்லர் இந்த யோசனையை எழுதிவிட்டார். யோசனை பழசு, கைக்கு வந்ததுதான் புதுசு.

ஒரு எச்சரிக்கை: மின்சாரம் போகும் மாட்யூலைக் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள். அந்த ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைக் கெடுக்கும்.

செம்புக் கம்பி நன்றாகத்தானே ஓடுகிறது?

குறைந்த வேகத்தில் ஓடும். ஒரு இழையில் நொடிக்கு 200 கிகாபிட் என்று வந்துவிட்டால், செம்பில் ஓரிரு மீட்டருக்குள்ளேயே சிக்னல் தேய்ந்துவிடும். அதைத் தூக்கி நிறுத்தவே நிறைய மின்சாரம் செலவாகும். பைபரில் ஒரு கிலோமீட்டருக்கு இழப்பு அரை டெசிபல் கூடக் கிடையாது (மூன்று டெசிபல் என்றால் பாதி ஒளி போனது என்று அர்த்தம்).

போட்டியில் யார் யார் இருக்கிறார்கள்?

முக்கியமானவை நாலு: சிலிக்கான், இண்டியம் பாஸ்பைடு, சிலிக்கான் நைட்ரைடு, மென்படல லித்தியம் நியோபேட். பின்னால் பேரியம் டைட்டனேட், பாலிமர் என்று சிலர் வரிசையில் நிற்கிறார்கள். பேரியம் டைட்டனேட்டை மட்டும் கவனித்துக்கொண்டே இருங்கள். மின்புலம் கொடுத்ததும் அதன் ஒளிவிலகல் எண் மாறுவது லித்தியம் நியோபேட்டைவிடப் பல மடங்கு. குவாண்டம் கணினி செய்யும் சைகுவாண்டம் நிறுவனம் அதைத்தான் நம்பி இறங்கியிருக்கிறது.

சிலிக்கான்தானே மலிவு? அப்புறம் எதற்கு மற்றதெல்லாம்?

சிலிக்கானின் பெரிய பலம், அதற்கான தொழிற்சாலைகள் ஏற்கெனவே இருப்பதுதான். 12 அங்குல வேபர் (சிப்புகளைச் செதுக்கும் வட்டத் தகடு), அறுபது வருட அனுபவம், எல்லாம் தயார். அப்புறம் அதன் ஒளிவிலகல் எண் சுமார் 3.5. சுற்றிலும் இருக்கும் கண்ணாடிக்கு 1.44 தான். இந்த வித்தியாசம் இருப்பதால் ஒளி பாதையைவிட்டு வெளியே சிதறாது. 450 நானோமீட்டர் அகலம், 220 நானோமீட்டர் உயரமுள்ள ஒரு வரப்பில் அடங்கிப் போகும். 5 மைக்ரான் ஆரத்தில் வளைத்தாலும் வளைந்து போகும். அதனால் ஒரு சதுர மில்லிமீட்டரில் ஏகப்பட்ட உறுப்புகளை அடக்கலாம்.

குறைகளும் உண்டு. முதலாவது, சிலிக்கான் ஒளி விடாது. அதன் அணுக்கட்டமைப்பில் எலக்ட்ரான் கீழே இறங்கும்போது பெரும்பாலும் சூடாகத்தான் ஆற்றலைக் கொடுக்கும். அதனால் லேசருக்கு வேறு வீடு பார்க்க வேண்டும். இரண்டாவது, மின்புலம் கொடுத்து அதன் ஒளிவிலகல் எண்ணை நேரடியாக மாற்ற முடியாது. எலக்ட்ரான்களை உள்ளே தள்ளி, வெளியே இழுத்துத்தான் மாற்ற வேண்டும். இந்த விளைவைச் சோரெப், பென்னட் இருவரும் 1987-ல் கணக்கிட்டுச் சொன்னார்கள். ஆனால் அதை வைத்து 1 கிகாஹெர்ட்சைத் தாண்டும் மாடுலேட்டரை இன்டெல் காட்டியது 2004-ல்தான். எலக்ட்ரான்கள் வந்தால் ஒளியைக் கொஞ்சம் விழுங்கவும் செய்யும், அது கூடவே வரும் தண்டம். மூன்றாவது, பக்கச்சுவர் ஓரிரு நானோமீட்டர் சொரசொரப்பாக இருந்தாலே ஒளி சிதறும். செ.மீ.க்கு 1 முதல் 3 டெசிபல் வரை போய்விடும்.

டிடெக்டருக்கு மட்டும் நல்ல வழி கிடைத்திருக்கிறது. சிலிக்கான் மேலேயே ஜெர்மானியத்தை வளர்த்துவிடுகிறார்கள்.

கங்கைகொண்டானில் டாடா பவர் சோலார் செல் ஆலை இருக்கிறதே, அங்கேயே இதையும் செய்ய முடியாதா?

அங்கே வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் கேட்டது. கேள்வி நன்றாக இருந்ததால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

பொருள் ஒன்றுதான், வேலை நேரெதிர். சோலார் செல் ஒளியை விழுங்க வேண்டும். சிலிக்கான் ஏறக்குறைய 1.1 மைக்ரான் அலைநீளம் வரை ஒளியை விழுங்கும், அதற்கு மேல் விட்டுவிடும். பைபரில் ஓடும் 1.3, 1.55 மைக்ரான் ஒளிக்கு அதே சிலிக்கான் கண்ணாடி போலத் தெளிவு. சூரியனுக்குப் பயன்படாத அந்தப் பகுதிதான் நமக்குப் பயன்படுகிறது.

செய்முறையும் வேறு. சோலார் செல்லில் மேற்பரப்பை வேண்டுமென்றே சொரசொரப்பாக்குவார்கள், ஒளி உள்ளே சிக்க வேண்டும் என்பதற்காக. வெள்ளிக் கோடுகளும் சில பத்து மைக்ரான் அகலம் இருக்கும். ஒளிச் சிப்புக்கு வேபரே தனி: அடியில் சிலிக்கான், நடுவில் 2 அல்லது 3 மைக்ரான் ஆக்சைடு, மேலே 220 நானோமீட்டர் சிலிக்கான். அந்த 220-ல் ஒரு நானோமீட்டர் கூடக் குறைய இருந்தால், ஒரு குறிப்பிட்ட நிறத்தை மட்டும் பிடிக்கும் வளைய வடிவ உறுப்பின் அலைநீளமும் ஏறக்குறைய அதே அளவு நகர்ந்துவிடும். அதனால் அந்த ஆலையின் இயந்திரங்கள் இதற்கு ஆகாது. ஆனால் சுத்த அறைப் பழக்கம், வேபரைக் கையாளும் பக்குவம், அளவெடுத்துப் பிழை கண்டுபிடிக்கும் பழக்கம் இதெல்லாம் அங்கிருந்து இங்கே வரும்.

இண்டியம் பாஸ்பைடு பழசாகிவிட்டது என்கிறார்களே?

அப்படிச் சொல்பவர்கள் தங்கள் மாட்யூலைத் திறந்து பார்த்ததில்லை. மேலே சொன்ன அந்தக் கால் மில்லிமீட்டர் லேசர் இண்டியம் பாஸ்பைடு குடும்பம்தான். இண்டியம், காலியம், ஆர்சனிக், பாஸ்பரஸ் நாலையும் வேண்டிய விகிதத்தில் கலந்தால் 1310, 1490, 1550 என்று கேட்ட நிறத்தில் ஒளி கிடைக்கும். லேசர், பெருக்கி, மாடுலேட்டர், டிடெக்டர் நாலையும் ஒரே சிப்பில் சொந்தமாகச் செய்யக்கூடிய ஒரே பெரிய தளம் இதுதான். 2000-களின் நடுவிலேயே இன்பினெரா நிறுவனம் 10 அலைநீளங்களை ஒரே இண்டியம் பாஸ்பைடு சிப்பில் அடக்கி 100 கிகாபிட் அனுப்பியது. அந்த நிறுவனத்தை 2025-ல் நோக்கியா வாங்கிக்கொண்டது.

சிக்கல் வேபரில். எளிதில் நொறுங்கும், விலையும் அதிகம். வெகுகாலம் 2, 3, 4 அங்குலத்திலேயே இருந்தது, இப்போதுதான் 6 அங்குலத்துக்கு நகர்கிறது. மூலப்பொருளில் அரசியலும் உண்டு. 2025 பிப்ரவரியில் சீனா இண்டியம் சார்ந்த பொருட்களின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது இண்டியம் பாஸ்பைடும் அதில் அடங்கியது.

சிலிக்கான் நைட்ரைடு எதற்கு?

இழப்பே கூடாது என்கிற இடத்துக்கு. செ.மீ.க்கு 0.1 டெசிபல் என்பது இங்கே சாதாரணம். நல்ல கைகளில் மீட்டர் கணக்கில் ஓடவிட்டாலும் ஒளி மிஞ்சும். கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் விடும், அதனால் உயிரியல் சென்சார்களுக்கும் போகிறது. அதிக ஒளி ஊற்றினாலும் சிலிக்கான் மாதிரி இரண்டு போட்டான்களைச் சேர்த்து விழுங்காது. ஒரே லேசரிலிருந்து சீப்புப் பல் போலச் சம இடைவெளியில் பல நிறங்களை உண்டாக்கும் மைக்ரோகோம்பு வேலைக்கு இதைத்தான் தேடுவார்கள்.

ஆனால் ஒளிவிலகல் எண் 2 தான், அதனால் வளைவுகள் பெரிசு. தடிமனாகப் படிய வைத்தால் விரிசல் விடும். லேசரும் கிடையாது, வேகமான மாடுலேட்டரும் கிடையாது. நல்ல துணை ஆள், தனியாகக் குடும்பம் நடத்த முடியாது.

லித்தியம் நியோபேட் பற்றி இவ்வளவு பரபரப்பு ஏன்?

இது தொலைதூரத் தொடர்பில் பல பத்தாண்டுகளாக உழைத்த பொருள். பழைய மாடுலேட்டர்கள் விரல் நீளம் இருக்கும். மின்புலம் கொடுத்ததும் ஒளிவிலகல் எண் நேரடியாக மாறும், எலக்ட்ரானைத் தள்ளவும் வேண்டாம், இழுக்கவும் வேண்டாம். அதே படிகத்தை அரை மைக்ரான் படலமாக உரித்துக் கண்ணாடிமேல் ஒட்டப் பழகியதும் கதை மாறியது. 2018-ல் ஹார்வர்டின் லோன்சார் குழு, சாதாரண சிப்பின் மின்னழுத்தத்திலேயே ஓடும் மாடுலேட்டரைக் காட்டியது. 100 கிகாஹெர்ட்ஸ் வேகத்தையும் இந்தப் படலம் தாங்கும். ஒரு இழையில் 400 கிகாபிட் என்ற அடுத்த படிக்கு இதன் பெயர் அடிபடுவது அதனால்தான்.

என் சந்தேகம் தொழிற்சாலைப் பக்கம். இதை ரசாயனத்தால் அரிப்பது கஷ்டம், ஆர்கான் அயனியால் மோதிச் செதுக்க வேண்டும். லித்தியம் கலந்துவிடும் என்று சாதாரண சிலிக்கான் ஆலைகள் உள்ளேயே விடாது. மாடுலேட்டரின் வேலைப்புள்ளி நேரம் போகப்போக நகரும் பழக்கமும் இன்னும் முழுதாகப் போகவில்லை. வேகப் பந்தயத்தில் முதலிடம் கொடுக்கலாம். ஆனால் கோடிக்கணக்கில் அச்சடிக்கும் பந்தயம் வேறு.

அப்படியானால் சிலிக்கான் மேல் லேசரை எப்படி வைக்கிறார்கள்?

எல்லாப் போட்டியும் இங்கேதான் முடிவாகிறது என்பேன்.

எளிய வழி, தயாரான லேசரை எடுத்து, பரிசோதித்து, தலைகீழாகக் கவிழ்த்து ஒட்டுவது. கெட்ட லேசரை முன்கூட்டியே ஒதுக்கிவிடலாம். ஆனால் ஒவ்வொன்றையும் மைக்ரானுக்குக் குறைந்த துல்லியத்தில் வைக்க வேண்டும், ஒட்டும் இயந்திரத்தின் நேரம்தான் செலவு.

இரண்டாவது வழி, இண்டியம் பாஸ்பைடு துண்டை இன்னும் வடிவம் கொடுக்காத நிலையில் சிலிக்கான் மேல் ஒட்டிவிட்டு, அப்புறம் இரண்டையும் சேர்த்து அச்சிடுவது. நேர்பார்க்கும் வேலை அச்சிடும் இயந்திரத்துக்கே போய்விடும். 2006-ல் கலிபோர்னியாவின் சாந்தா பார்பரா பல்கலைக்கழகமும் இன்டெல்லும் சேர்ந்து இப்படி ஒரு லேசரைக் காட்டின. இன்டெல் இதை வைத்து லட்சக்கணக்கில் மாட்யூல் விற்றது. பிறகு 2023-ல் அந்த மாட்யூல் வியாபாரத்தை ஜேபில் நிறுவனத்துக்குக் கைமாற்றியது. தொழில்நுட்பம் தோற்றதால் இல்லை, மாட்யூல் சந்தையில் லாபம் அவ்வளவு மெலிசு என்பது என் கணிப்பு.

மூன்றாவது வழி, சிலிக்கான் மேலேயே நேரடியாக வளர்ப்பது. இரண்டின் அணு இடைவெளியிலும் 8 சதவீதம் வித்தியாசம் இருப்பதால் படிகத்தில் பிளவுக் கோடுகள் நிறைந்துவிடும், லேசர் சீக்கிரம் சாகும். குவாண்டம் புள்ளிகள் என்னும் நானோமீட்டர் அளவுப் படிகத் துகள்களை வைத்து அதைச் சமாளிக்கிறார்கள். இன்னும் ஆய்வகத்தைவிட்டுப் பெரிதாக வெளியே வரவில்லை.

நாலாவது வழி எனக்குப் பிடித்தது: லேசரைச் சிப்பில் வைக்கவே வேண்டாம். வெளியே தனிப் பெட்டியில் வைத்து பைபர் வழியாக ஒளியை மட்டும் அனுப்பு. லேசர் போனால் பெட்டியைக் கழற்றி வேறு மாட்டிக்கொள்ளலாம். கேபிள் ஆபரேட்டர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது, "அண்ணாச்சி, அதைத்தானே நாங்க எஸ்.எப்.பி.யில பண்ணிக்கிட்டிருக்கோம்" என்றார். சரியான பார்வை.

நம்ம ஊர் வெயிலுக்கு இதெல்லாம் தாங்குமா?

மே மாதம், ஏசி நின்றுபோன கண்ட்ரோல் ரூம், அலமாரிக்குள் பெட்டிகள். இந்தக் கேள்வியை இங்கே கேட்காமல் வேறெங்கே கேட்பது.

ஒவ்வொரு பொருளும் சூட்டுக்கு ஒவ்வொரு விதமாக நடந்துகொள்ளும். இண்டியம் பாஸ்பைடு லேசரில் சூடு ஏற ஏற அதே வெளிச்சத்துக்கு அதிக கரண்ட் வேண்டும். நிறமும் ஒரு டிகிரிக்கு சுமார் 0.1 நானோமீட்டர் நகரும். வீட்டு பைபர் இணைப்பில் அந்த நகர்வைப் பற்றிக் கவலையில்லை, அலைநீளத்துக்கு அகலமான ஜன்னல் விட்டிருக்கிறார்கள். சிலிக்கான் வளைய மாடுலேட்டரின் பாடுதான் திண்டாட்டம். அதுவும் டிகிரிக்குக் கிட்டத்தட்ட அதே அளவு நகரும், ஆனால் அதன் ஜன்னல் அரை நானோமீட்டர் கூட இருக்காது. பத்து டிகிரி ஏறினால் வேலையே செய்யாது. அதனால் ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு குட்டி ஹீட்டர் வைத்து, எப்போதும் கொஞ்சம் சூடாகவே வைத்திருப்பார்கள். அந்த ஹீட்டரின் மின்சாரத்தை விளம்பரத் தாளில் தேடிப் பாருங்கள், சில சமயம் கண்ணில் படாது. நைட்ரைடு சூட்டுக்கு அசைவது சிலிக்கானில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான்.

பைபரை ஒட்டுவதில் அப்படி என்ன கஷ்டம்?

பைபருக்குள் ஒளிப்புள்ளியின் விட்டம் 9, 10 மைக்ரான். சிலிக்கான் பாதையில் அரை மைக்ரான். கன்னடியன் கால்வாய்த் தண்ணீர் முழுவதையும் ஒரே மடையில் ஒரு வயலுக்குத் திருப்பப் பார்ப்பது போல, நேராக முட்டவைத்தால் பெரும்பகுதி வெளியேதான் வழியும். அதனால் சிப்பின் விளிம்பில் பாதையை ஊசிமுனையாக மெலியவிட்டு ஒளியை விரிய வைக்கிறார்கள். ஒரு டெசிபல் அளவுக்குத்தான் நட்டம், ஆனால் நேர்பார்ப்பது கடினம். இல்லையென்றால் மேலே கோடுகோடாக அரித்த கிரேட்டிங் வழியாக மேலிருந்து இறக்குகிறார்கள். வேபரை வெட்டாமலே சோதிக்கலாம். ஆனால் சாதாரண ஆலையில் பாதி ஒளி போய்விடும், எல்லா நிறத்துக்கும் ஒத்துவராது.

முடிந்த மாட்யூலின் விலையில் பெரும்பகுதி சிப் அல்ல, இந்த ஒட்டும் வேலையும் சோதனையும்தான். பொருட்களை ஒப்பிடும் அட்டவணைகளில் இந்த வரி இருக்காது. ஒரு தளம் வேபரில் மிச்சம் பிடித்ததை இங்கே தொலைக்கலாம்.

ஏ.ஐ. வந்ததும் இதற்குத் திடீர் மவுசு ஏன்?

ஆயிரக்கணக்கான கணக்கிடும் சிப்புகள் ஒன்றோடொன்று ஓயாமல் பேச வேண்டியிருப்பதால். இதுவரை, அவற்றுக்கிடையே தகவலைத் திருப்பிவிடும் ஸ்விட்ச் சிப்பிலிருந்து பெட்டியின் முகப்பு வரை செம்பில் வந்து, முகப்பில் செருகிய மாட்யூலில் ஒளியாக மாறியது. இப்போது ஒளிச் சிப்பை ஸ்விட்ச் சிப்பின் பக்கத்திலேயே வைத்துவிடுகிறார்கள். பிராட்காம் இதில் முன்னால் இறங்கியது. என்விடியா 2025 மார்ச்சில் தன் ஸ்விட்சுகளை அறிவித்தது: சிலிக்கான் வளைய மாடுலேட்டர், வெளியே தனி லேசர் பெட்டி. மின்சாரச் சிக்கனம் மூன்றரை மடங்கு என்பது அவர்கள் சொல்லும் கணக்கு. கவனித்தீர்களா, சிலிக்கான் ஜெயித்த இடத்திலும் வெளிப்பெட்டிக்குள் உட்கார்ந்திருப்பது இண்டியம் பாஸ்பைடுதான்.

கம்ப்யூட்டர் சிப்பையே ஒளி ஒழித்துவிடுமா?

இல்லை. டிரான்சிஸ்டர் நானோமீட்டர் கணக்கு, ஒளிப்பாதை அதைவிடப் பல மடங்கு தடிமன். ஒளியை நிறுத்தி வைத்து ஞாபகம் கொள்ளவும் நல்ல வழியில்லை. கொண்டுபோவதற்கு ஒளி, கணக்குக்கு எலக்ட்ரான்.

இறுதியாண்டு புராஜெக்ட் செய்யணும். திருநெல்வேலியில் இருந்துகொண்டு எதைச் செய்ய முடியும்?

வரைவது, கணக்கிடுவது இரண்டையும் இங்கேயே செய்யலாம். மீப், கேலேஅவுட், ஜிடிஎஸ்பேக்டரி மூன்று மென்பொருளும் இலவசம். சாதாரண லேப்டாப் போதும், ராத்திரி ஓடவிட்டுப் படுத்துக்கொள்ளுங்கள். சிலிக்கானில் தொடங்குங்கள், பாடங்களும் மாதிரிகளும் அதற்குத்தான் அதிகம். செய்து பார்க்க, பலருடைய வரைபடங்களை ஒரே வேபரில் சேர்த்து அச்சிடும் பங்கு முறை உண்டு: பெல்ஜியத்தின் ஐமெக், இங்கிலாந்தின் கார்னர்ஸ்டோன், இண்டியம் பாஸ்பைடுக்கு நெதர்லாந்தின் ஸ்மார்ட் போட்டோனிக்ஸ். கல்லூரி பட்ஜெட்டுக்குக் கட்டுப்படியாகுமா என்பது வேறு விஷயம்.

நம் நாட்டில் ஐ.ஐ.டி. மெட்ராஸில் சிலிக்கான் போட்டோனிக்ஸ் (சிலிக்கான் ஒளிச் சிப்) மையமும், பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் நானோ உற்பத்திக் கூடமும் இருக்கின்றன. மொகாலியில் உள்ள அரசுச் சிப் ஆலை 180 நானோமீட்டர் அளவில் செதுக்கும் வகை. ஒளிக்கு அது அப்படியொன்றும் தள்ளுபடி இல்லை, ஒளிப்பாதையே 450 நானோமீட்டர்தானே.

வேலை வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது வேறு: ஒட்டுதல், நேர்பார்த்தல், சோதனை இதில் கை தேறுங்கள். தெருவில் ஏணி போட்டு பைபர் ஸ்பிளைஸ் செய்து, பவர் மீட்டரில் அரை டெசிபலுக்கு மல்லுக்கட்டிய பையன்கள் இதை மற்றவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள். எந்தப் பொருள் ஜெயித்தாலும் பைபரை ஒட்டித்தானே ஆக வேண்டும்.

'சிலிக்கான் போட்டோனிக்ஸ்' என்று எழுதிய மாட்யூல் விலை கூட. என் கேபிள் நெட்வொர்க்குக்கு வாங்கலாமா?

வீட்டு இணைப்புக்கான ஜிபான் பெட்டிக்கு வேண்டாம். அங்கே இரண்டரை கிகாபிட்தான் ஓடுகிறது, பழைய குப்பி லேசரே தாராளம். 100 கிகாபிட், 400 கிகாபிட் இணைப்பு வாங்கும் நாளில் அந்தப் பெயரைப் பார்த்தால் போதும். அப்போதும் பெயரைவிட மூன்றை முதலில் பாருங்கள்: அலைநீளம் உங்கள் பெட்டிக்குப் பொருந்துகிறதா, வெளியே தரும் ஒளியின் அளவு உங்கள் தூரத்துக்கும், ஒளியைப் பல வீடுகளுக்குப் பிரிக்கும் ஸ்பிளிட்டருக்கும் போதுமா, வெப்ப எல்லை 70 டிகிரியா 85 டிகிரியா. ஏசி இல்லாத அறை என்றால் 85 வாங்குங்கள்.